வேலி நகராத காணி

கேள்வி: மெய்நிகர் சேர்வர் ஒன்றின் டிஸ்க்கை 40 ஜிபியில் இருந்து 80 ஆக்கினேன். மிச்ச வேலைக்கு எழுதிவைத்த ஸ்கிரிப்ட் 'எல்லாம் முடிஞ்சுது' எண்டு சொல்லுது. உள்ளே பார்த்தால் அதே 40. ஆரில பிழை?
– வாசகர் ஒருவர், சாட்டி, வேலணை

பதில்: பக்கத்துக் காணியை வாங்கிப்போட்டு வேலியை நகர்த்தாமல் விட்டிருக்கிறீர்கள். தீவாருக்கு இதை நான் சொல்லித் தரவேணுமா?

டிஸ்க், பார்ட்டிஷன், ஃபைல் சிஸ்டம் மூன்றும் வேறு வேறு. லினக்ஸ் என்றால் குரோபார்ட் பார்ட்டிஷனைப் பெருப்பிக்கும். பிறகு இஎக்ஸ்டி4-க்கு ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ்-க்கு எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ். இடையில் எல்விஎம் இருந்தால் இன்னும் இரண்டு படி.

குரோபார்ட்டுக்கு டிஸ்க் பெயரும் பார்ட்டிஷன் இலக்கமும் இடைவெளி விட்டுத்தான் கொடுக்கவேணும். 'எஸ்டிஏ1' என்று ஒட்டி எழுதினால் அது மறுத்துவிடும். அடுத்து வரும் ரீசைஸ்2எஃப்எஸ்ஸோ, 'செய்ய ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டு, வெற்றிக்கு உரிய 0 குறியீட்டோடு வெளியேறும். உங்கள் ஸ்கிரிப்ட் கடைசியாளின் பேச்சை மட்டும் நம்பியிருக்கும் என்றுதான் என் சந்தேகம். ஒவ்வொரு கட்டளையின் வெளியேறும் குறியீட்டையும் பார்க்க வையுங்கள். ஒன்று கவனம்: மாற்ற ஒன்றும் இல்லாவிட்டாலும் குரோபார்ட் 1 என்றே சொல்லும்.

எல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லையா? எல்எஸ்பிஎல்கே அடித்துப் பாருங்கள். நடுவில் ஸ்வாப் பார்ட்டிஷன் குந்தியிருக்கலாம். விண்டோஸில் அதே வேலையை ரிக்கவரி பார்ட்டிஷன் செய்யும்.

தொடங்க முதல் பக்கப் எடுங்கள். எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெருப்பித்த பிறகு பழைய அளவுக்குச் சுருக்கலாம் என்று நம்பி இருக்காதீர்கள்.