மொத பந்து யாருக்கு?

வாங்கடா தம்பிகளா. இஸ்தோப்புல எடமிருக்கு, ஒக்காருங்க. தீபாவளிக் கிண்ணத்துக்கு ஓப்பனிங் எறங்குறது யாருன்னு தீத்து வைக்க இந்தக் கெழவன்கிட்ட வந்துட்டீங்க. ரொம்பச் சந்தோசம். லயத்துக் கூர ஒழுகுதுன்னு கூட்டம் போட்டப்ப, கூட்டம் போட்டவனோட சேத்து நாலு பேரு வந்தீங்க. இன்னைக்கு மேல்டிவிசனும் கீழ்டிவிசனும் தெரண்டு நிக்கிறீங்க. பொகவந்தலாவைக்கு நல்ல காலம் பொறந்துருச்சு.

சரி, வழக்கச் சொல்லுங்க. மேல்டிவிசன் பையன் நெலச்சு நிப்பான்ங்கிறீங்க. வாஸ்தவந்தான். ஆறு ஓவர் மெட்ச்சுல அஞ்சாவது ஓவர் வரைக்கும் நெலச்சு நின்னு, பனி வெலகட்டும்னு பாத்துக்கிட்டிருக்கான். கீழ்டிவிசன் பையன் அடிப்பான்ங்கிறீங்க. அதுவும் வாஸ்தவந்தான். மூணு பந்தத் தேயிலைக்குள்ள அடிப்பான். நாலாவது பந்துல அவுட்டாகி, அந்த மூணு பந்தையும் தேட அவனே போயிருவான். அட்ட கடிச்சுக்கிட்டு வர்றப்ப மெட்ச் முடிஞ்சிருக்கும்.

இதுக்காக மச்சானும் மச்சானும் பேச்ச விட்டுட்டீங்களாமே? சபாஷ்.

செலக்சன்னா என்னான்னு எங்க தலமொறைக்கு யாரும் படிச்சுக் குடுக்க வேணாம். 1948ல பிரஜாவுரிமைச் சட்டம்னு ஒண்ணக் கொண்டாந்து, இந்த மலையில கொழுந்து எடுத்தவங்கள்ல கிட்டத்தட்ட அத்தன பேரையும் டீம விட்டு வெளிய நிறுத்துனாங்க. அப்பறம் 1964 ஒக்டோபர்ல ஸ்ரீமாவோ அம்மாவும் லால் பகதூர் சாஸ்திரி ஐயாவும் டெல்லியில ஒக்காந்து 9,75,000 பேரப் பிரிச்சாங்க. 5,25,000 பேரு அக்கரைக்கு, 3,00,000 பேரு இக்கரைக்கு. மிச்சம் 1,50,000 பேரு? ரிசர்வு! பத்து வருசம் பெஞ்சுல ஒக்கார வெச்சு, 1974லதான் அவங்களயும் பாதிப் பாதியா வெட்டுனாங்க. கணக்குப் போடுறப்ப, நீ எந்தப் பக்கம் ஆடுறேன்னு ஒரு தொழிலாளியக் கூப்பிட்டுக் கேக்கல. அந்தச் செலக்சனப் பாத்தவன்கிட்ட வந்து, ஆறு ஓவர் மெட்ச்சுக்கு ஆளெடுக்குறது நாயமா இல்லையான்னு கேக்குறீங்க. நான் சிரிக்காம இருக்கேனே, அதுக்கே எனக்கொரு கிண்ணம் குடுக்கணும்.

வாயத் தொறந்தா முரளின்னு வேற சொல்றீங்க. முரளியோட தாத்தா தேயிலத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்ங்கிறது மெய்தான். அதுக்காக அந்த 800 டெஸ்ட் விக்கெட்டையும் லயத்துக்கு லயம் பங்கு வெச்சு, இதுல பத்து எங்க காம்பராவோடதுன்னு பேசுறீங்களே, நல்லாவா இருக்கு? கட்டுகஸ்தோட்ட சென் அந்தனீஸ்ல படிக்கிறப்ப அந்தப் பையன் வேகப்பந்துதான் போட்டுக்கிட்டிருந்தான். 14 வயசுல, இவன் சுழல் போடட்டும்னு சொன்னவரு கோச் சுனில் பெர்னாண்டோ. அவரு அந்தப் பையனோட கையப் பாத்தாரு. நீங்க என்னத்தப் பாக்குறீங்க? எந்த டிவிசன், யாரு மருமகன், சங்கத்துல எந்தக் கொடி. அப்படிப் பாத்திருந்தா முரளி இன்னிக்கு கண்டியில அப்பாவோட பிஸ்கட் பெக்டரிக் கணக்க எழுதிக்கிட்டிருப்பான்.

1996க் கதைய ஒழுங்காக் கேளுங்க. ஒங்கள்ல பாதிப் பேரு அப்ப பொறக்கவேயில்ல, ஆனா நேர்ல போய்க் கை தட்டுன மாதிரி பேசுறீங்க. சனத் ஜயசூரியவ மொதல்ல பந்து போடுறவனாத்தான் பாத்தாங்க. பெட் புடிக்கக் கீழதான் வருவான். களுவிதாரண விக்கெட் கீப்பர். இந்த ரெண்டு பேரையும் 1995-96 அவுஸ்திரேலியப் பயணத்துல ஒண்ணா மேல ஏத்தி, மொத 15 ஓவர்ல வெளிய ரெண்டே பேருதான் நிப்பாங்க, தூக்கி அடிங்கடான்னு விட்டாங்க. உலகக் கிண்ணத்துல டெல்லியில இந்தியாவுக்கு 79, பைசலாபாத்ல இங்கிலாந்துக்கு 44 பந்துல 82ன்னு சனத் வெளுத்தான். ஊரே ஆடுச்சு.

இனித்தான் கத. மார்ச் 13, கல்கத்தா, அரையிறுதி. ஸ்ரீநாத் போட்ட மொத ஓவர் முடியல, ரெண்டு பேரும் தேர்ட்மேன்ல புடி குடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. களு 0, சனத் 1. நீங்களா இருந்தா அன்னைக்கு ராத்திரியே கூட்டம் போட்டு, ரெண்டு பேரயும் தள்ளி வெச்சு, அடுத்த மெட்ச்சுக்கு மாமன் மகன எறக்கியிருப்பீங்க. அர்ஜுன ரணதுங்க அசையல. லாகூர்ல மார்ச் 17 எறுதி மெட்ச்சுக்கும் அதே ரெண்டு பேரத்தான் அனுப்புனாரு. அங்கயாவது அடிச்சானுகளா? சனத் 9, களு 6. 23 ஓட்டத்துக்கு ரெண்டு விக்கெட். அப்பறம் அரவிந்த டி சில்வா வந்து ஆட்டமிழக்காம 107 அடிச்சு, கிண்ணத்தத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. ஓப்பனிங் ரெண்டு மெட்ச்சா ஊத்திக்கிச்சு, கிண்ணம் நம்ம கையில. இதுக்கு என்னா சொல்றீங்க?

கல்கத்தாவுல இன்னொண்ணு நடந்துச்சு, அத யாரும் பேசுறதில்ல. 65 அடிச்சு நின்னுக்கிட்டிருந்த டெண்டுல்கர வெளிய அனுப்புனது யாருன்னு நெனக்கிறீங்க? பந்து போட்டது சனத், ஸ்டம்பத் தட்டுனது களு. ஒரு விக்கெட்டுக்கு 98ல நின்ன இந்தியா 120க்கு எட்டு விக்கெட்டுன்னு ஆயிருச்சு. பகல்ல பேரு கெட்ட ரெண்டு பேருக்கும் ராத்திரி வேற வேல இருந்துச்சு.

மாத்தி மாத்திப் பாத்தா என்னாகும்னும் நம்ம நாடே காட்டியிருக்கு. 2017ல ஒருநாள் மெட்ச்சுக்கு மெத்தியூஸ், தரங்க, கப்புகெதர, மாலிங்க, திசர பெரேரான்னு அஞ்சு பேரு கெப்டன். இந்தியா இங்க வந்து ஆடுன ஒரே தொடர்ல மட்டும் மூணு பேரு. ஒருத்தருக்குத் தட, ஒருத்தருக்கு முதுகு வலி, காரணம் எல்லாம் சரிதான். 5-0ன்னு தோத்தோம். ஆகஸ்ட் 27 பல்லேகலையில சனம் போத்தல எறிஞ்சு மெட்ச்சயே நிறுத்திருச்சு. அங்க எறிஞ்ச கைய நான் பாக்கல. ஒங்க வாயப் பாத்தா ஒங்கள்ல யாராச்சும் போயிருப்பீங்களோன்னு ஒரு சந்தேகம். 2023 செப்டம்பர் 17, ஆசியக் கிண்ண எறுதி மெட்ச்சுல 50க்கு எல்லாரும் அவுட்டு. சிராஜ் மட்டும் ஆறு பேரத் தூக்குனான். அடுப்புல சோறு வடிக்கல, மெட்ச் முடிஞ்சிருச்சு. அன்னைக்கு ஓப்பனிங்குக்கு நீங்க சொல்ற ரெண்டு பேரயும் அனுப்பியிருந்தா 51 அடிச்சிருப்போம், அதுல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல.

மார்வன் அத்தபத்து தெரியுமா? 1990ல சண்டிகார்ல மொத டெஸ்ட். 0, 0. ரெண்டு வருசம் கழிச்சுக் கூப்பிட்டாங்க. 0, 1. மறுபடி ரெண்டு வருசம் போச்சு. 0, 0. ஆறு தடவ எறங்கி, மொத்தம் ஒரே ஒரு ஓட்டம். நம்ம தோட்டத்துப் பயலா இருந்தா அவனுக்குப் பொண்ணே குடுத்திருக்க மாட்டீங்க. அவன் அப்பறம் ஓப்பனிங் எறங்கி ஆறு எரட்டைச் சதம் அடிச்சான், நாட்டுக்குக் கெப்டனாவும் நின்னான்.

கொழும்புல வேல செய்ற பேரன் போன்ல சொன்னான், அமெரிக்காவுலயும் இதே சண்டயாம். அங்க காலேஜு டீம்ல பந்த எடுத்து எறியிற ஆளுக்குக் குவாட்டர்பேக்னு பேராம். அது யாருன்னு ஊரே ரெண்டுபடுமாம். 1999ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல டொம் பிரேடி, ட்ரூ ஹென்சன்னு ரெண்டு பையனுக. கோச் லொயிட் கார் மொதக் கால்வாசிய ஒருத்தனுக்கும் அடுத்த கால்வாசிய இன்னொருத்தனுக்கும் குடுத்து, மிச்சத்துக்கு எவன் தேவலயோ அவன்னு ஓட்டிப் பாத்தாரு. கொஞ்ச மெட்ச்சுக்கு அப்பறம் அவருக்கே அலுத்துப்போயி பிரேடிகிட்ட விட்டாரு. மறு வருசம் பெரிய டீமுங்க ஆளெடுக்குறப்ப 198 பேர எடுத்துட்டுத்தான் பிரேடியக் கூப்பிட்டாங்களாம். அவன் ஏழு தடவ அந்த நாட்டுப் பெரிய கிண்ணத்தத் தூக்கியிருக்கான். செலக்டருங்க எல்லா ஊர்லயும் செலக்டருங்கதான்.

நான் கங்காணியா இருந்தப்ப வெள்ளன பெரட்டுக்குப் போனா இதே கூத்துத்தான். எல்லாருக்கும் ரோட்டோரத்து நெர வேணும், மேட்டு நெர எவளுக்கும் வேணாம். நான் கண்ண மூடிக்கிட்டு ஆளுக்கொரு நெரயக் குடுப்பேன். குடுத்தா அந்தி நிறுவ வரைக்கும் மாத்த மாட்டேன். நடுவுல மாத்துனா ரெண்டு நெரயிலயும் கொழுந்து நிக்கும், ரெண்டு பேருக்கும் அரப்பேருதான் விழும். என்னயத் திட்டுவாங்க. திட்டிக்கிட்டே எடுத்துருவாங்க. ஒங்க ஓப்பனிங்கும் அந்த நெர மாதிரிதான். எவனுக்குக் குடுத்தாலும் கிண்ணம் முடியிற வரைக்கும் அவன்கிட்ட இருந்து புடுங்காதீங்க. அவன் மொத பந்துலயே போனாலும் கைதட்டி உள்ள கூப்பிடுங்க.

என்னா, அப்பவும் யாருன்னு நான் சொல்லலயா? சொல்றேன். அதுக்கு முன்ன ஒரு சின்னக் கேள்வி. ஓப்பனிங்னா ரெண்டு பேரு எறங்கணும். ஒரு முனைக்குத்தான் இந்த அடிதடி. இன்னொரு முனையில யாரு?

ஏன் எல்லாரும் தரயப் பாக்குறீங்க?

கடைக்கார மொதலாளி மகனா! சரிதான். போன வருசம் எத்தன அடிச்சான்? சொல்லுங்க, சும்மா சொல்லுங்க. ஒருத்தருக்கும் ஞாபகமில்ல. ஆனா அவன் அவுட்டாக மாட்டான். அவன் அவுட்டுன்னா அம்பயருதான் அவுட்டு. ஏன்னா பெட்டு அவனோடது, பந்து அவனோடது, மழ வந்தா ஒதுங்குறது அவங்க கடத் தாவாரத்துல. அவன் எடத்தப் பத்தி ஒருத்தனும் வாயத் தொறக்கல. மிச்சமிருக்கிற ஒரு எடத்துக்கு ரெண்டு டிவிசனும் மண்டய ஒடச்சுக்கிறீங்க. டெல்லிக் கணக்குல நாம கத்துக்கிட்டது இதுதானா, மருமகனே?

இப்பத் தீர்ப்பக் கேளுங்க. மேல்டிவிசன் பையன் எடதுகை, கீழ்டிவிசன் பையன் வலதுகை. சனத்தும் களுவும் அப்படித்தான் எறங்குனாங்க. ரெண்டு பேரும் சேந்தே போகட்டும். ஒருத்தன் நிக்கட்டும், ஒருத்தன் அடிக்கட்டும். மொதலாளி மகன் மூணாவதா வரட்டும், நல்ல பையன்தான், பகைக்க வேணாம். ஆனா அதுக்குத் தோட்டத்துக்குன்னு சொந்தமா ஒரு பெட்டு வேணும். பத்தாந் தேதி சம்பளம். தவறணப் பக்கம் திரும்புறதுக்கு முன்ன, ஆளுக்கு 100 ரூபா கொண்டாந்து இந்த இஸ்தோப்புல வையுங்க. மொத நூறு என்னோடது.