ஹேட் போட்டால் ஒரு கனம்

நல்ல இங்கிலீஷ் என்றால் 'ஹேட்' போட வேண்டும் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். 'வென்ட்' எட்டாங்கிளாஸ் பையன் சொல்வது. 'ஹேட் கான்' என்றால் ஒரு கனம் இருக்கிறதல்லவா? அந்தத் தைரியத்தில்தான் லண்டன்காரர் ஒருவரிடம் போனில், "ஐ ஹேட் கான் டு மதுரை லாஸ்ட் வீக்" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று "ஹலோ" என்றேன். "யெஸ்... அண்ட் தென்?" என்றார்.

அண்ட் தென் என்ன? போனேன், வந்தேன், அவ்வளவுதான்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஹேட் போட்டால், அதற்குப் பின்னால் நடந்த இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டுமாம். நான் ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் ரயில் கிளம்பிவிட்டது என்றால் ரயிலுக்கு 'ஹேட் லெஃப்ட்', எனக்கு வெறும் 'ரீச்ட்'. மனிதர் என் 'ரீச்ட்'டுக்காகக் காத்திருந்திருக்கிறார். நாம் தமிழில் "போன வாரம் மதுரை போயிருந்தேன்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அப்புறம் என்ன என்று யாராவது கேட்டாலும், ஜிகர்தண்டா சாப்பிட்டியா என்பதற்காகத்தான் கேட்பார்கள்.

'பத்து வருஷமா இங்கேதான் வேலை பாக்குறேன்' என்பதும் அப்படியே காலை வாரிவிட்டது. ஓர் இன்டர்வியூவில் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்" என்றேன். ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை. 'ஹேவ் பீன் வொர்க்கிங்' வர வேண்டும். 'சின்ஸ்' என்றால் 2012 என்பதுபோல் தொடங்கிய இடத்தைச் சொல்ல வேண்டும், பத்து வருஷத்துக்கு 'ஃபார்'. வேலை கிடைக்கவில்லை. அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

பள்ளியில் லீவ் லெட்டர் எழுதியதிலிருந்தே எனக்கு இந்தக் கோளாறு. காய்ச்சல் போய், தெம்பாக கிரிக்கெட்டும் ஆடிவிட்டு, மறுநாள் கொண்டுபோய் நீட்டும் கடிதத்தில் "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்றிருக்கும். வாத்தியார் ஒருநாளும் நெற்றியில் கைவைத்துப் பார்த்ததில்லை.

போன மாதம் அக்கா மகன், "மாமா, இங்கிலீஷ்ல எத்தனை டென்ஸ்?" என்று கேட்டான். "மூணு. 'வில்' போட்டா ஃப்யூச்சர்" என்று அடித்துச் சொன்னேன். பிறகு பார்த்தால், 2002-இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கண நூல், ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கென்று தனி டென்ஸே இல்லை என்கிறது. 'வில்' என்பது 'கேன்', 'மே' வகையறாவாம். நாளைக்குப் போகிற ரயிலையும் 'லீவ்ஸ் டுமாரோ' என்று நிகழ்காலத்திலேயே அனுப்பிவைக்கிறார்கள். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும்.

ஆபீசில் கொஞ்ச காலம் 'புட்', 'கட்', 'செட்' என்று எந்தக் காலத்துக்கும் உருமாறாத வினைகளை மட்டும் வைத்து ஓட்டினேன். "ஐ புட் எ மெயில்" என்றால் நேற்றா, தினமுமா என்று எவனும் கண்டுபிடிக்க முடியாது. இப்போது வினையையே தூக்கிவிட்டேன். "மீட்டிங் டுமாரோ, லெவன் ஓ க்ளாக். தேங்க்ஸ்." மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, மெயில் என்றால் இப்படி க்ரிஸ்ப்பாக இருக்க வேண்டும் என்று என் மெயிலைக் காட்டினார்.