தாத்தா கத்தியும் சிப்காட் கிரைண்டரும்

கேள்வி: தாத்தாவின் ஜெர்மன் சவரக்கத்தி துருவேறிக் கிடக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கிரைண்டர் வைத்திருக்கும் நண்பரிடம் தீட்டக் கொடுக்கலாமா?
– வாசகர், கவரைப்பேட்டை

பதில்: தாராளமாக, இனி அதில் கத்தரிக்காய் நறுக்குவதாக இருந்தால்! அங்கே உருட்டும் டி.எம்.டி. கம்பியில் கார்பன் கால் சதவீதம் அளவுக்குத்தான். சவரக்கத்தியில் ஏறக்குறைய ஒரு சதவீதம். அதோடு பதம் பார்த்து ஏற்றிய கடினம். கிரைண்டர் சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போச்சு.

எண்ணெய் விட்டு, நைஸ் எமரித் தாளால் துருவை எடுங்கள். விளிம்பையே துரு அரித்துக் குழி விழுந்திருந்தால் ஷோகேஸில் வையுங்கள், கன்னத்தில் வேண்டாம். அடுத்தது தண்ணீர்க் கல். முதுகும் விளிம்பும் ஒருசேரப் படிய, ஆயிரம் நம்பரில் தொடங்கி எட்டாயிரம் வரை, விளிம்பு முன்னே போக இழுக்கவேண்டும். தோல்வாரில் தலைகீழ்: முதுகு முன்னே. மாற்றி இழுத்தால் வாரும் கிழியும், கூரும் மழுங்கும்.

ஜெர்மன் சரக்கென்று ரொம்பவும் மயங்காதீர்கள். லண்டனில் சவரக்கத்தி செய்த ஸ்டோடார்ட், நம் நாட்டு ஊட்ஸ் எஃகைத்தான் உசத்தி என்றார். 1820 வாக்கில் ஃபாரடேயோடு சேர்ந்து அதை ஆராயவும் செய்தார்.

சவரத்துக்கு 30 டிகிரி சாய்வு போதும். தொண்டைப் பக்கம் கை பழகிய பிறகு போகலாம். ஒரு வேண்டுகோள்: பேரனுக்கு மொட்டையடிக்க இதைத் தூக்கிக்கொண்டு திருத்தணிக்குக் கிளம்பிவிடாதீர்கள். கோயிலில் 2021 முதல் முடிகாணிக்கைக்குக் கட்டணமே கிடையாது.