மருமகனின் ஒற்றைப் பெட்டி

மருமகன், கந்தோரிலை ரெண்டு சேர்வர் பூட்டிப் போட்டியாம். ஒண்டு விழுந்தா மற்றது அந்த நிமிசமே பொறுப்பெடுக்குமாம், வேலை செய்யிற சனத்துக்குத் தெரியவும் வராதாம். கொம்மா திருஞானசம்பந்தர் வீதி முழுக்கச் சொல்லி முடிச்சு, இப்ப உவர்மலைப் பக்கம் ஏறிப் போறா. எனக்கும் பெருமைதான். ஒரேயொரு சின்னக் கேள்வி. அந்த ரெண்டு சேர்வரும் கணக்கு வழக்கை எங்கை எழுதி வைக்குது?

"ரெண்டுக்கும் பொதுவா ஒரே ஸ்டோரேஜ் பெட்டி, மாமா. அதுதான் இதின்ரை அழகே" எண்டாய்.

அழகுதான், மறுக்கேல்லை. சேர்வர் ரெண்டு, பெட்டி ஒண்டு. குதிரை ரெண்டு வாங்கின நீ, ரெண்டையும் ஒரே கட்டையிலை கட்டியிருக்கிறாய். எனக்கென்ன தெரியும், நான் சீனக்குடாவிலை வால்வு திருகிக் கிழவனானவன். ஆனா பொதுக் களஞ்சியம் எண்டா என்னெண்டு கொஞ்சம் கண்டிருக்கிறன்.

வெள்ளைக்காரன் தன்ரை கப்பல் படைக்கு எண்ணெய் சேர்க்க எங்கடை காட்டுக்குள்ளை நூறுக்குச் சொச்சம் தாங்கி கட்டினவன். இண்டைக்கும் 99 நிக்குது. ஒரே ஒரு பெரிய தாங்கியைக் கட்டியிருந்தா இரும்பும் மிச்சம், கூலியும் மிச்சம். அவன் காசெண்ணத் தெரியாதவனில்லை. 1942 ஏப்ரல் 9 யப்பான்காரன் வந்து குண்டு போட்டான். விமானமொண்டு தாங்கியொண்டிலை வந்து விழ, அது நாள் கணக்கா எரிஞ்சுது. மற்றத் தாங்கியள் நிண்டுது. உன்ரை பெட்டியிலை ஆரும் விமானம் கொண்டு வந்து மோத வேண்டாம். ஒரு குரங்கு காணும்.

சிரிக்காதை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்திலை ஒரு குரங்கு பட்டு முழு இலங்கையும் இருண்டு போச்சு. சொன்னது நானில்லை, மந்திரி. உன்ரை பெட்டிக்கு ரெண்டு கொன்ட்ரோலர், ரெண்டு பவர் சப்ளை எண்டு விரல் மடக்கிச் சொன்னாய். நான் குழாயோடை நடந்து பழகின ஆள், அதாலை வயரோடை ஒருக்கா நடந்து பாத்தன். ரெண்டு பவர் வயரும் ஒரே யூபிஎஸ்ஸிலை குத்தியிருக்குது. ரெண்டு சேர்வரிலையிருந்தும் வாற நாலு நெட்வேர்க் கேபிளும் மேசைக்குக் கீழை இருக்கிற ஒரே சுவிச்சுக்குள்ளை போகுது. அந்தச் சுவிச்சிலைதான் பியோனின்ரை பிரிண்டரும். ரெண்டு வழி எண்டா ரெண்டு சுவிச்சு, ரெண்டு யூபிஎஸ். இல்லாட்டி அது ஒரு வழிக்கு ரெண்டு வர்ணம் பூசின வேலை.

டிஸ்க் செத்தா? "ரெய்ட் 6 போட்டிருக்கிறன், ரெண்டு டிஸ்க் ஒண்டாப் போனாலும் தாங்கும்." நல்லது. மூண்டாவது? எல்லா டிஸ்க்கும் ஒரே கடை, ஒரே கொம்பனி, ஒரே நாளிலை ஓட்டம் தொடங்கினது. 2019 நவம்பரிலை எச்பிஈ கொம்பனிக்காரர் தாங்களே அறிவிச்சவை: தங்கடை சில எஸ்எஸ்டி டிஸ்க்குகள், ஃபேர்ம்வேரைப் புதுப்பிக்காட்டி, சரியா 32,768 மணித்தியாலம் ஓடினவுடனை நிண்டு போகும். மூண்டு வருசம், 270 நாள், 8 மணித்தியாலம். ஒண்டாப் பிறந்தது ஒண்டாப் போகும், தரவும் கூடவே போகும். அந்த ஃபேர்ம்வேரைக் கடைசியா எப்ப பாத்தனி? சரி, தேத்தண்ணியைக் குடி.

இப்ப பெரிய விசயம். ரெண்டு சேர்வரும் ஒண்டோடை ஒண்டு கதைக்கிற கேபிள் அறுந்து போச்சு எண்டு வை. ரெண்டும் உயிரோடைதான் இருக்குது. ஆனா ஒவ்வொண்டும் மற்றது செத்துப் போச்செண்டு நினைக்குது. நினைச்சு, "இனிச் சொத்து எனக்குத்தான்" எண்டு ரெண்டும் ஒரே டிஸ்க்கிலை எழுதத் தொடங்குது. செத்தவீட்டுக்கு முன்னமே காணி எழுதுற பிள்ளையளை நாங்கள் கண்டதில்லையோ? அரை மணித்தியாலத்திலை கணக்கு முழுக்கக் கஞ்சி. இதுக்குத்தான் பொதுப் பெட்டியிலை சாட்சிக்கெண்டு ஒரு சின்ன டிஸ்க் ஒதுக்கிறது. அதை முதல் பிடிச்சவன் எசமான். மற்றவன்ரை கையை உடனை வெட்ட வேணும்: ஒண்டில் டிஸ்க்கிலையிருந்து பூட்டி விடுறது, இல்லாட்டி கரண்டையே நிப்பாட்டுறது.

எங்கடை தாங்கியளைப் பற்றி 1987 யூலையிலை இந்தியாவின்ரை ராஜீவும் எங்கடை ஜே.ஆரும் கடிதம் மாத்தினவை. எது ஆருக்கு எண்டு முடிவானது 2022 ஜனவரியிலை: 14 இந்தியாவின்ரை ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 ரெண்டு பேரும் சேர்ந்த கொம்பனிக்கு. மனிசருக்கு 34 வருசத்துக்கு மேலை எடுத்ததை உன்ரை சேர்வர் சில செக்கனிலை முடிக்க வேணும். "அதெல்லாம் தானா நடக்கும் மாமா" எண்டாய். நடந்ததைக் கண்டனியோ எண்டு கேக்க, ஃபோன் வந்ததெண்டு வெளியிலை போனாய்.

பொதுப் பெட்டியே கூடாதெண்டு நான் சொல்லேல்லை. நல்ல பெட்டி நல்ல சாமான். ஆனா அது சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான். அழி எண்டா, ரெண்டு கொன்ட்ரோலரும் ஒற்றுமையா அழிக்கும். 2021 டிசம்பரிலை கியோட்டோ பல்கலைக்கழகத்துச் சுப்பர் கணினியின்ரை பொதுச் சேமிப்பிலை 77 டெராபைட் போச்சு. அழிச்சது கள்ளனில்லை, பக்அப் எடுக்கிற நிரலே. இஞ்சை 2023 ஓகஸ்டிலை லங்கா அரசாங்கக் கிளவுட்டுக்குள்ளை கப்பம் கேக்கிற வைரஸ் பூந்து, மே 17 இலையிருந்து ஓகஸ்ட் 26 வரைக்கும் உள்ள அரச மின்னஞ்சல்கள் திரும்பி வரேல்லை. சுமார் 5,000 முகவரி. பக்அப் இருந்தது, ஆனா அதுவும் அதே வலையமைப்பிலை இணைஞ்சிருந்தது, அதையும் வைரஸ் பூட்டிப் போட்டுது. 2025 செப்டெம்பரிலை தென்கொரியாவின்ரை தேஜோனிலை தரவு மையம் எரிஞ்சு, அரச ஊழியரின்ரை 858 டெராபைட் போச்சு. அவ்வளவு பெரிசுக்கு வெளியிலை பிரதி வைக்கேலாது எண்டு விட்டிருந்தவையாம். பணக்கார நாடுதான்.

உனக்கு வேண்டியது தனியா இன்னொரு பிரதி: வேறை கட்டிடத்திலை, வயர் கழட்டி வைச்சது. கந்தோரிலை அதுக்குக் காசில்லை எண்டாய். திறப்பு விழாவுக்கு மாலை, குத்துவிளக்கு, பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை, எல்லாத்துக்கும் காசிருக்குது.

அதாலை ஒண்டு செய். சனிக்கிழமை ஆக்களில்லாத நேரம், ஒரு பெரிய கோப்பு ஏறிக்கொண்டிருக்கேக்கை ஓடுற சேர்வரின்ரை வயரைப் பிடுங்கு. பிறகு சேர்வர் ரெண்டுக்கும் நடுவிலை கதைக்கிற கேபிளை. பிறகு பெட்டியிலை ஒரு டிஸ்க்கை. எல்லாம் முடிய, போன மாதத்துக் கடிதமொண்டை நான் கேப்பன், வெளியிலை வைச்ச பிரதியிலையிருந்து எடுத்துத் தா. பிடுங்கக் கை நடுங்குதெண்டா, விழாவைத் தள்ளிப் போடு. பொன்னாடையை எனக்குப் போத்தினாலும் ஏற்றுக்கொள்ளுவன்.