பேனரை மடிச்சு வெச்சுட்டு உக்காருங்க கண்ணுங்களா

வாங்க கண்ணுங்களா. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கீங்க, வயித்தைக் கலக்கியிருக்கும். அந்தப் பேனரை மடிச்சு ஓரமா வெச்சுட்டுத் திண்ணையில உக்காருங்க. ‘வறட்சியில் வாடும் விவசாயிகளுக்கு’ன்னு போட்டிருக்கு. வாடறது நாங்கதான், அதுல சந்தேகமில்லை. ஆனா படம் புடிக்கறப்ப, இன்னுங்கொஞ்சம் வாடின மூஞ்சியா வெய்யுங்க தாத்தான்னு இந்தத் தம்பி சொல்றாரு. எங்கிட்ட வேற மூஞ்சி இல்லை சாமி. இதை வெச்சுத்தான் பொண்ணு பாக்கவே போனேன்.

தண்ணி பாட்டில் கொண்டாந்திருக்கீங்க, சந்தோசம். எங்க காப்பிச் செடிக்குத்தான் மூடி திறக்கத் தெரியாது.

ஏற்காடு பச்சைப்பசேல்னு இருக்கே, இங்க எங்க வறட்சின்னு இந்தப் பாப்பா கேட்டுது பாருங்க, அது கேள்வி. சில்வர் ஓக் மரம் எப்பவும் பச்சையாத்தான் நிக்கும். அதுக்கு அடியில நிக்கற காப்பியைப் பாக்கணும். மாசி பங்குனியில ஒரு மழை விழணும், பூ மழை. விழுந்து எட்டுப் பத்து நாள்ல கொப்பெல்லாம் வெள்ளையாப் பூத்து, மலையே மல்லிகைக் கடையா மணக்கும். அப்புறம் பிஞ்சு நிக்க இன்னொரு மழை. ரெண்டும் ஏமாத்திட்டாலும் செடி பச்சையாவேதான் நிக்கும். கார்த்திகையில கூடையை எடுத்துக்கிட்டுப் போனாத்தான், பறிக்க ஒண்ணுமில்லைன்னு தெரியும். மழை ஏமாத்தறது பங்குனியில, கை காயறது மார்கழியில. நீங்க வர்றது மே மாசம். உதவி செஞ்ச மாதிரியும் ஆச்சு, கோடை விழாவுல பூக்கண்காட்சி பாத்த மாதிரியும் ஆச்சு. நான் குத்தம் சொல்லலை, பூவும் நல்லாத்தான் இருக்கும்.

கன்னு கொண்டாந்திருக்கீங்களே, அதை இன்னைக்கே நட்டுடலாம்னு குழி வேற கேக்கறீங்க. இந்த வெயில்ல நட்டா அதுக்கு ஊத்தற தண்ணிக்கு இன்னொரு தொண்டர் படை வரணும். ஆனி, ஆடிச் சாரல்ல வாங்க. சட்டை நனையும், அட்டை ஏறும், படம் அவ்வளவு சரியா விழாது. கன்னு மட்டும் பொழைச்சுக்கும்.

உங்க ஊர்க்காரங்க சில பேரு இதை வெவரமாச் செஞ்சிருக்காங்க. கீழ கன்னங்குறிச்சியில மூக்கனேரி இருக்குல்ல? 2010-ல சேலம் மக்கள் குழுன்னு பியூஷ் மானுஷும் கூட இருந்தவங்களும் அங்க இறங்கினாங்க. வண்டலை வழிச்சு, அதையே ஏரிக்குள்ள திட்டுத் திட்டாக் கொட்டி, அதுல மரம் வெச்சாங்க. இப்ப பறவைக வந்து உக்காருது. அந்த ஏரிக்கு வர்றது எங்க சேர்வராயன் மலைத் தண்ணிதான். வாடகை கேக்கலாமான்னுகூட யோசிச்சேன். மழைக்கு முந்தியே மம்பட்டியைத் தூக்கினவங்களாச்சேன்னு விட்டுட்டேன்.

அளந்து குடுக்கறவங்களும் உண்டு. தாது வருசப் பஞ்சம் கேள்விப்பட்டிருப்பீங்க, 1876-ல ஆரம்பிச்சது. சேலம் ஜில்லா சுருண்டு போச்சு. ரிச்சர்டு டெம்பிள்னு ஒரு துரை வந்து, நிவாரண வேலைக்கு வர்ற ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும்னு 1877-ல கணக்குப் போட்டாரு. ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோகூட இல்லை. கார்னிஷ்னு ஒரு டாக்டரு, இது பத்தாது, ஆளுக செத்துப் போவாங்கன்னு சண்டை போட்டாரு. கடைசியில கூலியை ஏத்த வேண்டியதாப் போச்சு. மூட்டையை எண்ணாம வயித்தைப் பாத்த மனுசன்.

நம்ம காலத்துக் கணக்கும் சுவாரசியந்தான். 2016-ல ஐப்பசி மழை கையை விரிச்சுது. 2017 ஜனவரியில தமிழ்நாடு மொத்தத்தையும் வறட்சின்னு அறிவிச்சாங்க. பல வருசம் நிக்கற பயிருக்கு நிவாரணம் ஏக்கருக்கு 7,287 ரூபா. அந்தக் கடைசி ஏழு ரூபா எந்தக் கொப்புக்குன்னு எனக்கு இன்னும் வெளங்கலை. வெள்ளாமையில மூணுல ஒரு பங்குக்கு மேல போயிருந்தாத்தான் காசு. காஞ்ச மிளகுக் கொடிகிட்டப் போயி, நீ எத்தனை சதவீதம் காஞ்சிருக்கேன்னு கேட்டேன், அது வாயே திறக்கலை. அடங்கல் வேணும், சிட்டா வேணும். பட்டா தாத்தன் பேர்ல இருக்கும், தாத்தன் சுடுகாட்டுல இருப்பாரு. வாரிசுச் சான்று வாங்கறதுக்குள்ள அடுத்த வறட்சி வந்து முன்னாடி நிக்கும். காட்டோரம் பாடுபடறவனுக்குப் பட்டாவே கிடையாது. வன உரிமைச் சட்டம் 2006-லயே வந்துடுச்சாம். மலை ஏறத்தான் அதுக்கு மூச்சு வாங்குது போல.

அதனால அரிசிப் பையை வெச்சுட்டுப் போங்க, வேணாம்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய மனுசன் இல்லை. ஆனா இந்தக் கண்ணாடி போட்ட தம்பி வக்கீலுக்குப் படிக்கறாராமே? அவரை மட்டும் இங்க விட்டுட்டுப் போறீங்களா? சோறு நாங்க போடறோம். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல குறை தீர்க்கற நாளு. தெருவுக்கே மனு எழுதணும். கையெழுத்து எப்படித் தம்பி? பேனர்ல இருக்கற அளவுக்கு அழகு வேணாம், ஆபீசர் படிக்கற மாதிரி இருந்தாப் போதும்.