ஐந்து மில்லிமீட்டர் உயர்ந்த மனிதர்

புது வண்டிக்குப் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசாரி "எடுங்க" என்று கை காட்டும்போதே அவர் டயரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிடுவார். பழம் சரியாக நசுங்கியதா என்பது வீட்டில் மற்றவர்களின் கவலை. நசுக்கியது 195/80 ஆர்15 அளவு ஹைவே டயர் என்பது அவருடைய கவலை. கோயில் வாசலிலேயே மனசுக்குள் அதைக் கழற்றிப் போட்டாயிற்று.

வண்டி மாருதி ஜிம்னி. 2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ரகம். எடை 1,200 கிலோவை ஒட்டி. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே 210 மில்லிமீட்டர். ஃபோர் லோ கியர் போடத் தனி லீவர். கம்பெனி கொடுத்தபடியே ஓட்டினால் பெரும்பாலான காட்டுப் பாதையை அலட்டிக்கொள்ளாமல் கடந்துவிடும் வண்டி. இதை அவர் மறுக்கமாட்டார். "ஆனா டயரு..." என்று மட்டும் இழுப்பார்.

ஆள் கோயம்புத்தூர்க்காரர். வயது நாற்பதுக்கு மேல். சொந்தப் பட்டறையோ நல்ல உத்தியோகமோ இருக்கும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழி முழுக்கத் தார் ரோடு. சேறு என்று சொல்லத்தக்கது, குழாய் பதிக்கத் தோண்டிப் பாதி மூடிவைத்த ஓரிடம்தான். அந்த இடம் வந்ததும் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, டயர் எப்படிக் கவ்வுகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டே ஏற்றி இறக்குவார். பின்னால் வரும் ஸ்கூட்டிகள் ஹாரன் அடிக்கும்.

டயர் படிப்பு அன்று இரவே தொடங்கும். ஹெச்.டி. என்றால் ரோட்டுக்கு, ஏ.டி. என்றால் எல்லாத் தரைக்கும், எம்.டி. என்றால் சேற்றுக்கு என்ற பாலபாடம் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். ஹைவே டயரில் பட்டன்களுக்கு நடுவே விரல் நுழையாது. மட் டயரில் கட்டைவிரலே தாராளமாகப் போகும். அந்த அகலமான வாய்க்கால்களில்தான் சேறு ஏறி, சக்கரம் சுழலும் வேகத்தில் வெளியே வீசப்பட்டு, அடுத்த சுற்றுக்குப் பட்டன் மறுபடி சுத்தமாகத் தரையைப் பிடிக்கிறது. இந்த "வீசப்பட்டு" என்ற இடம் முக்கியம். அவர் அதைப் படித்தார், ரசித்தார், மேற்கொண்டு யோசிக்காமல் அடுத்த பக்கம் போய்விட்டார்.

கம்பெனிகளின் வம்சாவளி அவருக்கு அத்துபடி. பி.எஃப்.குட்ரிச் 1976-இல் ஆல் டெரெயின் ரேடியலைக் கொண்டுவந்தது, 1980-இல் மட் டெரெயின் வந்தது, மேக்சிஸ் பிக்ஹார்னில் பக்கச் சுவர் எப்படி, யோகோஹாமா ஜியோலாண்டரில் எப்படி என்று கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்வரை சொல்வார். பக்கத்து இலைக்காரர் பாயசம் வந்ததும் எழுந்துவிடுவார். அவருடைய அப்பா மட்டும், "எம்.ஆர்.எஃப். போட்றலாமேப்பா" என்பார். 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த கம்பெனி அது. அப்பா தலைமுறைக்கு டயர் என்றால் அதுதான். மகன் பதில் சொல்லாமல் புன்னகைப்பார்.

அடுத்தது அளவு. இங்கேதான் கால்குலேட்டர் வெளியே வரும். கம்பெனி டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர். பலரும் ஏற்றுகிற 215/75 ஆர்15 போட்டால் 703.5. வித்தியாசம் பத்தரை. சக்கரத்தின் மையத்துக்குக் கீழே இருக்கிற பாதிதான் வண்டியைத் தூக்கும் என்பதால், வண்டி உயர்வது ஐந்து மில்லிமீட்டரும் சொச்சமும். அதாவது ஐந்து டயரும் மாற்றி வாங்குகிற உயரம், ஒரு பென்சிலின் தடிமன்கூட இல்லை. இது சாதாரண ஆளைச் சோர்வடையச் செய்யும். இவரை 235/75-க்குத் தூண்டும். அதில் விட்டம் 733.5. வண்டி 20 மில்லிமீட்டர் எழும். ஆனால் சக்கரம் திருப்பும்போது உள்பக்கம் உரசும், லிஃப்ட் கிட் வேண்டும், அதற்கு நீளமான ஷாக் அப்சார்பர் வேண்டும். உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை, வக்கீலாக இருக்கும் சகலையிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். சகலை ஒரு மணி நேரம் விளக்குவார். கடைசியில் 215-இல் மட் டயர் என்று முடிவாகும்.

டயர் கடையில் அவரைப் பார்க்க வேண்டும். கடைப் பையன் டயரை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துவான். இவர் மண்டியிட்டு, போனில் டார்ச் அடித்து, பக்கச் சுவரில் தேதி தேடுவார். நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். அந்த எண் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சாகியிருக்கும் என்பதால் ஐந்து டயரையும் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்வார். நாலு ஒரே வாரம், ஒன்று மட்டும் ஆறு வாரம் மூத்தது என்று கண்டுபிடித்துவிட்டால் கடைக்காரருக்கு அன்றைய பொழுது போனது. "அதை ஸ்டெப்னிக்குப் போட்டுக்கலாம் சார்" என்பார் கடைக்காரர். ஸ்டெப்னிதான் பின்கதவில் ஊருக்கே தெரிகிற டயர் என்பது அவருக்குத் தெரியாதா?

பிறகு வெள்ளை எழுத்துப் பிரச்சினை. சில டயர்களில் ஒரு பக்கம் பெயர் வெள்ளை எழுத்தில் இருக்கும், மறுபக்கம் கறுப்பு. எதை வெளியே வைப்பது? வெள்ளை வெளியே என்றால் பந்தா என்பார்கள். கறுப்பு வெளியே என்றால் என்ன டயர் என்றே தெரியாது. அரை நாள் யோசித்து வெள்ளையை வெளியே வைத்துவிட்டு, "கடைக்காரன் அப்படி மாட்டிட்டான்" என்பார்.

'10 ப்ளை' என்ற சொல் அவரை மயக்கும். இந்தக் காலத்தில் அது உள்ளே பத்து அடுக்கு இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை, பாரம் தாங்கும் திறனைத்தான் சொல்கிறது. கல் மூட்டை ஏற்றும் பிக்அப்புக்கு அது வேண்டும். 1,200 கிலோ ஜிம்னிக்கு அவ்வளவு விறைப்பான டயர் போட்டால் அது வளையாது. வளையாத டயர் கல்லையும் வேரையும் அணைத்துப் பிடிக்காது, மேலே குதிக்கும். கடைக்காரரே இதைச் சொல்லிப் பார்த்தார். இவருக்கு அது வியாபாரத் தந்திரமாகப் பட்டது.

வீட்டில் விலை சொல்லும் கலை தனி. பில்லில் ஒரு டயருக்கு எதிரே இருக்கும் தொகையை மட்டும், அது ஒன்றுக்கா ஐந்துக்கா என்ற விவரமில்லாமல், டிவியில் சீரியல் உச்சத்தில் இருக்கும்போது சொல்லிவிட வேண்டும். மனைவி "ம்" என்பார். அந்த "ம்" சம்மதமாகப் பதிவாகும்.

மாட்டிய பின் முதல் வித்தியாசம் காதில் தெரியும். அறுபது கிலோமீட்டர் வேகம் தாண்டியதும் வண்டிக்குள் மாவு மில் ஓடுகிற சத்தம். பட்டன்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் ஒரே சுருதியில் ஊளையிடும் என்பதற்காகத்தான் கம்பெனிக்காரர்கள் அளவை மாற்றி மாற்றி வார்க்கிறார்கள். அப்படியும் இவ்வளவு. மனைவி போனில் பேசும்போது, "இரு, இறங்கினதும் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவார். மழை நனைத்த தார் ரோட்டில் பிரேக் பிடித்தால் வண்டி வழக்கத்தைவிடத் தள்ளிப்போய் நிற்கும், ஏனென்றால் ரோட்டைத் தொடுகிற ரப்பர் குறைவு. மைலேஜும் இறங்கும். கம்பெனி சொன்ன லிட்டருக்கு 16.94 கிலோமீட்டர் முன்பே கனவுதான். ஆனால் இதற்கு அவரிடம் விடை உண்டு: டயர் பெரிசு, அதனால் மீட்டர் ஓடின தூரத்தைக் குறைச்சுக் காட்டுது. உண்மைதான். 215-இல் அந்தக் குறைவு நூறுக்கு ஒன்றரை கிலோமீட்டர். காணாமல்போன மைலேஜ் முழுவதையும் அந்த ஒன்றரைக்குள் அடக்கப் பார்ப்பார்.

அவருடைய நிம்மதியைக் கெடுக்க இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பழைய ஜிப்சிக்காரர். 1985 கடைசியில் வந்து, ராணுவத்திலும் ராலியிலும் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த வண்டி அது. ஒல்லி டயரோடு இமயமலை ஏறியது. அடியில் கெட்டித்தரை இருக்கும் சேற்றில் ஒல்லி டயர் வெட்டி இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அகல டயர் மேலேயே வழுக்கும். ஜிப்சிக்காரர் இதை விளக்கமாட்டார். இவர் டயரை ஒரு தட்டுத் தட்டி, "பாரமா இருக்குமே" என்று மட்டும் சொல்வார்.

இன்னொருவர் கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். தேனி மாவட்டத்து மலைதான், ஆனால் வண்டி ஏற வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லி பக்கமாகத்தான் ஏற வேண்டும். பாதை என்று அதைச் சொல்வது ஒரு மரியாதைக்கு. கல்லும் பள்ளமுமான அந்த ஏற்றத்தில் விடியற்காலை இருட்டில் பழைய மகிந்திரா ஜீப்புகள் பயணிகளை ஏற்றிக்கொண்டு தினமும் போய்வருகின்றன. நம்மவர் டூர் போனபோது ஜீப்பில் உட்காராமல் முதலில் டயரைத்தான் குனிந்து பார்த்தார். பட்டன் பாதி தேய்ந்திருந்தது. "என்ன பிரஷர் வைப்பீங்க?" என்று கேட்டார். "காத்து கொஞ்சம் கம்மியா வைப்போம் சார்" என்றார் டிரைவர்.

விஷயம் அவ்வளவுதான், இலவசமும்கூட. ரோட்டுக்கு வைக்கும் காற்றை 18, 15 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயரின் அடித்தடம் நீளும், பிடிமானம் கூடும், இருக்கிற ஹைவே டயரே வேறு டயராக நடந்துகொள்ளும். தார் ரோடு ஏறுமுன் திரும்ப அடித்துக்கொள்ள சிகரெட் லைட்டரில் சொருகும் சின்ன கம்ப்ரெசர் போதும். நம்மவர் அதைச் செய்யமாட்டார். காற்றைக் குறைத்த டயரைப் பார்க்கிறவர்கள் பஞ்சர் என்றுதான் நினைப்பார்கள்.

ஐப்பசியில் உடுமலைப் பக்கம் மைத்துனர் தோட்டத்துக்குப் போகும் வாய்ப்பு வந்தது. இரண்டு நாள் அடைமழை விட்ட ஞாயிற்றுக்கிழமை. மற்ற கார்கள் எல்லாம் ரோட்டோரமே நிற்க, மக்காச்சோளம் அறுத்த கரிசல் காட்டுக்குள் இவர் மட்டும் ஃபோர் லோ போட்டு இறங்கினார். மனைவி, இரண்டு பிள்ளைகள், பின்னால் பலகாரப் பாத்திரம்.

பத்தடி நன்றாகப் போனது. கரிசல் மண் செம்மண் மாதிரி உதிராது, அப்பும். பட்டன் இடைவெளி முழுக்க அப்பி, நாலு டயரும் வழவழவென்று மண் உருண்டைகளாகிவிட்டன. வேகமாகச் சுழன்றால்தான் மண் வீசப்படும். ஃபோர் லோவில் சக்கரம் வேகமாகச் சுழலாது, அதற்காகவே அந்த கியர். மீறிச் சுழன்ற சக்கரத்தை வண்டியின் எலெக்ட்ரானிக்ஸ் பொறுப்பாகப் பிரேக் பிடித்து அடக்கியது. என்ஜின் முக்கியது. வண்டி அச்சுவரை உட்கார்ந்தது.

டிராக்டர் வந்தது. அதன் பின் டயரில் வயலில் 12 பி.எஸ்.ஐ.யை ஒட்டித்தான் காற்று இருக்கும். டிரைவர் இருபது வயதுப் பையன். இறங்கி, கயிற்றை முன் கொக்கியில் மாட்டி, ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவந்து விட்டான். பிறகு குச்சியால் மண்ணைச் சுரண்டி, வெள்ளை எழுத்து தெரியவும் ஆர்வமாகக் குனிந்தான்.

"ஏனுங்ணா, டயரு புதுசுங்களா?"

"ஆமாப்பா."

"நல்லா இருக்குதுங்ணா. என்ன வெலைங்?"

நம்மவர் குரலைத் தாழ்த்தி ஒரு தொகை சொன்னார்.

"அஞ்சுக்கும் சேர்த்துங்களா, ஒண்ணுக்குங்களா?"

பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. "என்னங்க, தம்பி கேக்குதில்ல," என்றார் மனைவி. "சொல்லுங்க."