பத்து சதவீத மாமா

ஆவணி பிறந்துவிட்டால் இந்த மாமாவின் நடையே மாறிவிடும். நவராத்திரியை ஒட்டி இணையக் கடைகள் நடத்தும் பெரிய தள்ளுபடி விற்பனைக்கு இன்னும் தேதிகூட அறிவித்திருக்க மாட்டார்கள். அதற்குள் இவருடைய விருப்பப் பட்டியல் நிரம்பி வழியும். ஒரு வாஷிங் மெஷின் போன வருடம் எந்த மாதத்தில் என்ன விலைக்குப் போனது என்று விலை வரலாறு காட்டும் தளத்தில் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தனி ஃபோல்டரில் வைத்திருப்பார். வீட்டில் இருக்கும் பழைய மெஷின் பாட்டுக்குத் துவைத்துக்கொண்டிருக்கும். "ஏங்க, இதுதான் நல்லா ஓடுதே?" என்று அத்தை கேட்டால், "இப்ப ஓடும். சேல் முடிஞ்சப்புறம் நின்னா என்ன பண்ணுவே?" என்பார். இந்தக் கேள்விக்கு எந்த அத்தையாலும் பதில் சொல்ல முடிந்ததில்லை.

இவரைக் கஞ்சர் என்பார் உண்டு, பேராசைக்காரர் என்பாரும் உண்டு. இரண்டுமே பொருந்தவில்லை. கஞ்சர் வாங்கவே மாட்டார். பேராசைக்காரர் தனக்கு மலிவாகக் கிடைத்ததை வெளியில் மூச்சு விட மாட்டார். மாமாவோ வாங்குகிறார், வாங்கிய விலையை ஊரைக் கூட்டிச் சொல்கிறார். சொல்வதற்காகவே வாங்குகிறார் என்பது என் கட்சி. மிக்ஸியும் டிவியும் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும் உபரிகள். அவர் காசு கொடுத்து வாங்குவது, 'ஆள் விவரமானவர்' என்று சொந்தபந்தம் சொல்லும் அந்த ஒரு பேச்சைத்தான்.

கார்டு விஷயத்தில் அவர் படும் பாட்டைப் பார்த்தால் இது விளங்கும். 2025-இல் ஒரு பெரிய கடை எஸ்பிஐ கார்டுக்கும், அதன் போட்டிக் கடை ஐசிஐசிஐ, ஆக்சிஸ் கார்டுகளுக்கும் 10 சதவீத உடனடித் தள்ளுபடி தந்தன. மாமாவிடம் இருக்கும் கார்டு எந்த ஆண்டும் வேறொரு வங்கியுடையதாகத்தான் இருக்கும். உடனே, ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத கோயம்புத்தூர் மச்சினனுக்குப் போன் போகும். "மாப்ளே, சௌக்கியமா? பசங்க நல்லா படிக்கறாங்களா? உன்கிட்ட எந்த பேங்க் கார்டு இருக்கு?" நள்ளிரவு விற்பனை திறந்த மூன்றாவது நிமிடம், தூங்கிக்கொண்டிருக்கும் மச்சினனின் தலைமாட்டில் ஓடிபி வந்து விழும். இவ்வளவும் எதற்கு? 60,000 ரூபாய் போனுக்குப் பத்து சதவீதம் என்றால் 6,000 குறைய வேண்டும். கீழே சிறிய எழுத்தில் 'அதிகபட்சம் 1,500' என்று இருந்துவிட்டால் பத்து இரண்டரையாகச் சுருங்கிவிடும். மாமாவுக்கு இது தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். சிறிய எழுத்தை முதலில் படிக்கிறவரே அவர்தான். படித்துவிட்டும் கல்யாண வீட்டுப் பந்தியில் "டென் பர்சென்ட் ஆஃப்ல எடுத்தேன்" என்றுதான் சொல்வார். இரண்டரை சதவீதத்தைப் பந்தியில் சொல்லிக்கொள்ள முடியுமா?

அவருடைய கணக்கு தப்பு என்றும் சொல்வதற்கில்லை. குறைந்தது 5,000 ரூபாய்க்கு வாங்கினால்தான் சலுகை. கூடையில் இருப்பதோ 4,760. மாமா 299 ரூபாய்க்கு மூன்று ஜோடி சாக்ஸைச் சேர்க்கிறார். மொத்தம் 5,059, பத்து சதவீதம் கழிந்து 4,553 சொச்சம். சாக்ஸும் வந்தது, 200 ரூபாயும் மிஞ்சியது. குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் ஆண்டு முழுக்கச் செருப்பு போடுகிற மனிதரின் அலமாரியில் இப்போது பிரிக்காத சாக்ஸ் மட்டும் ஒரு தட்டு நிறைய இருக்கிறது.

வட்டியில்லாத் தவணையிலும் இதே கதைதான். வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டிக்குச் சமமான தொகையைக் கடை முன்கூட்டியே விலையில் கழிக்கிறது. வட்டியே இல்லை என்று சொல்வதில் உண்மையான வட்டி மறைந்துகொள்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே எச்சரித்தது. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, பெரும்பாலும் செயல்பாட்டுக் கட்டணமும் உண்டு. 30,000 ரூபாய் பொருளை ஆறு மாதத் தவணையில் எடுத்தால் இவை சேர்ந்து நானூறு, ஐந்நூறைத் தொடலாம். அது அடுத்த மாத ஸ்டேட்மெண்டில் வந்து சேரும். ஸ்டேட்மெண்டை மாமா யாருக்கும் காட்டுவதில்லை.

2025 விற்பனையைத்தான் என்னுடைய முக்கியச் சான்றாக வைப்பேன். ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் ஜிஎஸ்டி குறையும் என்றார். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீதமாக இருந்த வரி செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. மறுநாள் இணையக் கடைகளின் விற்பனை தொடங்கியது. வரி குறைந்தது தெருமுனை ஷோரூமுக்கும் சேர்த்துத்தான். கண்ணை மூடிக்கொண்டு போய் வாங்கியவருக்கும் அது கிடைத்தது. ஆனால் நம் மாமா வாங்கிய டிவியில் குறைந்த ஒவ்வொரு ரூபாயும் அவருடைய ஒரு மாதக் காத்திருப்பின் பலனாகவே குடும்ப வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 128 ரூபாய் 118 ஆனால் குறைவது எட்டு சதவீதத்துக்கும் உள்ளேதான். அதையும் அவர் பத்து என்றே சொல்லிவந்தார். ஜிஎஸ்டி கவுன்சில் வந்து மறுக்கவா போகிறது?

பாவம், அவரை ஏமாற்றுகிறார்கள் என்று பரிதாபப்படுவோர் இருக்கிறார்கள். ஏமாறுவதற்குத் தெரியாமை வேண்டும். மாமாவிடம் அது துளியும் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இணையக் கடைகளின் 13 தந்திரங்கள் இருக்கின்றன: பொய்யான அவசரம், கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது என்று. பதின்மூன்றையும் அவர் அனுபவத்திலேயே சொல்லிவிடுவார். 'இன்னும் 2 மட்டுமே உள்ளன' என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்து, "சும்மா போடுவான்" என்று சிரிப்பார். சிரித்துக்கொண்டே பட்டனை அழுத்துவார். 2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட்டின் முதல் 'பிக் பில்லியன் டே'யில் தளம் திணறி, ஆர்டர்கள் ரத்தாகி, நிறுவனர்கள் மன்னிப்புக் கேட்டதும் அவருக்கு நினைவிருக்கிறது. விலையை மட்டும் பார்க்கிறவராக இருந்தால் அன்றோடு கும்பிடு போட்டிருப்பார். அடுத்த ஆண்டு செயலியில் மட்டும்தான் விற்பனை என்றார்கள். அதற்காகச் செயலியை இறக்கிக்கொண்டு காத்திருந்தார்கள் நம் மாமாக்கள்.

ஆடித் தள்ளுபடிக்கு ரங்கநாதன் தெருவில் முண்டியடித்தவர்களும் இதே ரகம்தானே என்று கேட்கலாம். ஆசை அதேதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே சாட்சிகள் இருந்தார்கள். கூட்டத்தில் கையை நுழைத்து ஒருத்தி புடவையை உருவியதைப் பக்கத்தில் நின்ற பத்துப் பேர் பார்த்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. மாமாவின் வீரமோ நடுராத்திரியில், எல்லோரும் தூங்கும் வீட்டில், போர்வைக்குள் நடக்கிறது. மறுநாள் வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. காலை ஏழு மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆர்டர் ஸ்கிரீன்ஷாட் வந்துவிடுவது இதனால்தான். அதில் அடிக்கப்பட்ட எம்ஆர்பி தெளிவாகத் தெரியும்படி வெட்டியிருப்பார். அந்த எம்ஆர்பியில் யாரும் வாங்கியதில்லை என்று மற்றவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் கட்டைவிரலைப் போட்டுவிடுவார்கள்.

உண்மையாகவே மிச்சமாவது இல்லையா? உண்டு. போன வருட மாடல் போன் இந்த நாட்களில் கணிசமாக இறங்கத்தான் செய்கிறது; தேவையைக் குறித்து வைத்துக்கொண்டு காத்திருந்தவருக்கு லாபம்தான். அந்த மட்டில் மாமாவின் உழைப்பு வீண் இல்லை. சோதனை வருவது தீபாவளியன்று. தம்பி மனைவி பேச்சுவாக்கில், "அதே மிக்ஸிதான் அண்ணா, நம்ம பஜார் கடையில் 200 ரூபாய் கம்மியாகவே கொடுத்தார், ஒரு கடாயும் சும்மா தந்தார்" என்கிறாள். சேமிப்பு மட்டுமே குறி என்றால் இங்கே மாமா அந்தக் கடையின் விலாசத்தை அல்லவா கேட்க வேண்டும்? கேட்பதில்லை. பட்சணத் தட்டை ஓரமாக வைக்கிறார். "பில் போட்டாரா? வாரண்டி கார்டில் சீல் இருக்கா?" என்கிறார். அதற்கும் அவள் தலையாட்டியதும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்பி, எந்த வருடம் செய்தது என்று தேடத் தொடங்குகிறார்.